கத்தரிக்கோல் அக்காவுக்காக ஜெபியுங்கள்

என் வீட்டுக்காரர் நல்ல போதகர், நல்ல மனிதர், ஆனால் கடிதம் எழுதத் தெரியாதவர். இந்த வெளிநாட்டுக் கிராமத்துக்கு நாங்கள் மிஷனரிகளாக வந்த முதல் வருஷம், ஊரில் எங்களைத் தாங்கும் குடும்பங்களுக்கு அவர் அனுப்பிய ஜெபக் கடிதங்கள் பன்னிரண்டும் ஒரே கடிதம்தான். தேதி மட்டும் மாறும். "கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். ஊழியம் நடக்கிறது. மழை பெய்கிறது." மழை இல்லாத மாதத்தில் மூன்றாவது வரியும் இருக்காது.

மிஷன் ஆபீஸ் செயலாளர் பொறுமையாக ஒரு பதில் போட்டார். அறுநூற்று நாற்பது குடும்பங்கள் எங்களுக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறார்களாம். நின்ற பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து போய்விடுகிறார்களாம். தயவுசெய்து ஜெபக் குறிப்பு எழுதுங்கள் என்று முடித்திருந்தார். இவர் அரைமணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "மழைக்காக ஜெபியுங்கள்" என்று எழுதினார். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

எனக்கு எழுத வரும். கூடவே கொஞ்சம் வாயும் உண்டு. நான் நர்ஸ். கோயிலை ஒட்டிய தகரக் கூரை அறையில் திங்கள், புதன், வெள்ளி மருந்தகம் நடத்துகிறேன். குழந்தைகளை எடை போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, மாத்திரை உறையில் சூரியன் வரைந்தால் காலை, நிலா வரைந்தால் ராத்திரி என்று விளக்குவது, அத்தனை விளக்கியும் எட்டு மாத்திரையையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு வந்து நிற்பவர்களைத் திட்டுவது, எல்லாம் என் வேலை. மீதி அவருக்கு. ஞாயிறு ஆராதனை, வீடு சந்திப்பு, எட்டு மைல் தள்ளி இருக்கும் இரண்டாவது கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவது. போகும்போது அவர் அதன்மேல் உட்கார்ந்து போவார். வரும்போது பெரும்பாலும் தள்ளிக்கொண்டு வருவார். ஆராதனைக்கு இருபத்து மூன்று பேர் வருவார்கள், மழை பிடித்துக்கொண்டால் முப்பது.

இவ்வளவையும் பார்க்கிறவளுக்கு எழுத விஷயமா இல்லை? பெயரை எழுதக் கூடாது என்ற அறிவு எனக்கு இருந்தது. அதனால் பட்டப்பெயர் வைத்தேன். கோயிலுக்குப் பின்னால் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர் ஐந்து நாள் தங்கமாக வேலை செய்வார், சனிக்கிழமை வந்தால் குடித்துவிட்டுப் பட்டறை வாசலில் படுத்துக்கொண்டு ஆகாயத்துக்குப் புத்தி சொல்வார். அவர் கடிதத்தில் "சனிக்கிழமை அண்ணன்" ஆனார். எதிரே தையல் கடை வைத்திருந்த அக்கா, "கத்தரிக்கோல் அக்கா". மூன்றாம் மாதமே பதில்கள் குவிந்தன. ஒரு டாக்டர் வீட்டில் என் கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்களாம். சனிக்கிழமை அண்ணனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தொடர்கதை கேட்பது போலக் கேட்கிறார்களாம். பாராட்டு என்று வந்தால் மிஷனரிக்கும் காது குளிரத்தான் செய்கிறது. நான் எழுதித் தள்ளினேன்.

இப்போது கத்தரிக்கோல் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவள் கடை சற்று மேட்டில் இருந்ததால் செல்போன் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். என் போனில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் உண்டு. தினமும் மாலை நாலு மணிக்கு ஊரிலிருந்து என் அம்மா கூப்பிடுவாள். நான் அக்காவின் வெட்டும் மேஜைமேல் போனை வைத்துவிட்டுப் பேசுவேன். அம்மாவும் நானும் பேசுவது என்றால் பாதி சண்டைதான். சாப்பிட்டியா கண்ணு என்று தொடங்குவாள். இளைச்சுப் போயிட்டியாமே, யார் சொன்னா, நீ பேசறதுலயே தெரியுதே என்று போகும். நான் ஏதாவது சமாதானம் சொன்னால், "நல்லா இருக்கு உன் நியாயம்" என்று ஒரே போடு போடுவாள். அக்கா தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தமிழில் வா, உட்கார், தண்ணீர், நூல் என்று ஒரு இருபது வார்த்தை தெரியும் என்று நினைத்திருந்தேன். நாங்கள் பேசிக்கொள்வது அந்த ஊர் மொழியில்தான்.

அவள் கணவர் கப்பலில் வேலை செய்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஒருநாள் எனக்கு ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, கப்பலும் இல்லை கடலும் இல்லை, நகரத்தில் வேறொருத்தியோடு இருக்கிறார் என்றாள். ஊருக்குத் தெரிந்தால் ஆளாளுக்கு இரக்கப்படுவார்கள், இரக்கப்படுகிறவர்கள் தைக்கக் கொடுத்த துணிக்கு யோசனையும் சொல்வார்கள், அது எனக்கு ஆகாது, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்றாள்.

அந்த மாதம் எழுத வேறு விஷயம் இல்லை. இதைவிட நல்ல சாக்கு என்னிடம் இல்லை. சனிக்கிழமை அண்ணன் வழக்கம்போலக் குடித்தார், மோட்டார் சைக்கிள் வழக்கம்போல நின்றது. நான் எழுதினேன்: "கத்தரிக்கோல் அக்காவின் கணவர் கப்பலில் இருப்பதாக ஊர் நம்புகிறது. உண்மையில் அவர் வேறொரு பெண்ணோடு வாழ்கிறார். அவர் மனந்திரும்பி வீடு வந்து சேர ஜெபியுங்கள்." கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குத்தானே என்று என் மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்தேன். அது நடந்து இரண்டு வருஷம்.

போன வருஷக் கடைசியில் அம்மா போய்விட்டாள். மழையில் பாலம் உடைந்து ஐந்து நாள் பஸ் இல்லை. நான் விமானம் ஏறப் பட்டணம் போய்ச் சேர்வதற்குள் ஊரில் அடக்கம் முடிந்திருந்தது, திரும்பி வந்துவிட்டேன். கடிதத்தில் ஒரு வரி எழுதினேன்: "என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள், சமாதானமாய் இருக்கிறோம்." அதன் பிறகும் நாலு மணிக்குக் கால் தானாகவே தையல் கடைக்குப் போகும். கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, உடுப்பு மாற்றிப் பார்க்கிற திரைக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் பத்து நிமிஷம் உட்காருவேன். அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு எப்போதும் தலைக்குமேல் வேலை இருந்தது, மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நல்லதாகப் போயிற்று, நான் மூக்கைச் சிந்துவது யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் பணித்தளத்தைப் பார்க்க ஊரிலிருந்து ஐந்து பேர் வந்து ஐந்து நாள் தங்கினார்கள். நான்கு பேர் படம் எடுத்தார்கள், கொசுவர்த்தி கேட்டார்கள், அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. ஐந்தாமவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது எழுபத்து நாலு. என் கடிதங்கள் அத்தனையையும் தேதி வாரியாகத் துளை போட்டு ஒரு ஃபைலில் கோத்துக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு ஜெபக் குறிப்புக்குக் கீழும் சிவப்பு மையில் கோடு. பஸ்ஸை விட்டு இறங்கி முகம் கழுவுவதற்கு முன்னாலேயே, சனிக்கிழமை அண்ணன் வீடு எது என்று கேட்டார்.

தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய் பட்டறைக்காரரின் கரி படிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தாரைதாரையாக நீர். "தம்பி, நீங்க குடியை விடணும்னு ரெண்டு வருஷமா நான் காப்பி குடிக்கல" என்றார். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் மொழிபெயர்ப்பாளர். "உங்க பட்டறையைப் பாத்ததுல ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷமாம்" என்றேன்.

இரும்படிக்கிற இடத்தைப் பார்த்து இப்படிக் கண்ணீர் விடுகிற மனிதரை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. சம்மட்டியை எடுத்துக் காட்டினார், உலையை ஊதிக் காட்டினார், ஒரு கொக்கி செய்து பரிசாகக் கொடுத்தார். தலைமையாசிரியர் அதை மனந்திரும்புதலின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இப்படி அன்று ஒரே நாளில் நாலு வீட்டில் மொழிபெயர்த்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் வியர்த்துக்கொண்டே இருந்தது. பொய் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, நான் பொய் சொல்லவில்லை, சுருக்கிச் சொன்னேன் என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. மருந்தகத்தில் குழந்தைகளை எடை போடுகிற நாள். பன்னிரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளைத் தொங்கவிடுகிற தொட்டில் பை கிழிந்திருந்ததால் அதைத் தைக்க அக்காவும் ஊசி நூலோடு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் மற்ற நான்கு பேரையும் இரண்டாவது கிராமத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். தலைமையாசிரியர் மட்டும் முழங்கால் வலி என்று தங்கிவிட்டார். தங்கியவர் அக்காவின் இடுப்பில் தொங்கிய கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டார். நான் தராசைப் பிடித்திருந்தேன், அதில் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது, விட்டுவிட்டு ஓட முடியாது.

அவர் எழுந்து நின்றார். ஜெபத்தில் இரண்டு வருஷம் சுமந்த ஒருவரை நேரில் பார்க்கிற ஆனந்தம் முகத்தில். "அம்மா, நீங்கதானா அது? உங்க வீட்டுக்காரர் அந்தப் பொம்பளையை விட்டுட்டு உங்ககிட்ட திரும்பி வரணும்னு ரெண்டு வருஷமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உபவாசம் இருக்கேன்."

பன்னிரண்டு பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குழந்தையின் எடையைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்லா தைக்கிறீங்கன்னு ஐயா சொல்றாங்க" என்றேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைக் கழுத்துப்பட்டையில் குத்திக்கொண்டாள். என்னைப் பார்த்து, சுத்தமான தமிழில், "நல்லா இருக்கு உன் நியாயம்" என்றாள்.

என் அம்மா. அதே இழுப்பு, "நல்லா"வில் அதே அழுத்தம். மூன்றரை வருஷம் அந்த மேஜைமேல் ஸ்பீக்கரில் ஓடிய தமிழ் முழுவதும் அவளுக்குள் போயிருக்கிறது. இருபது வார்த்தை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். தராசை இறக்குவதற்குள் அவள் பையை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று பெண்கள் கேட்டார்கள். அவமானத்தில் காது இரண்டும் எரிய, நூல் தீர்ந்துபோயிற்றாம் என்றேன்.

அன்று நாலு மணிக்குக் கடை சாத்தியிருந்தது. வியாழக்கிழமை காலையில் ஒரு காகிதப் பொட்டலம் எங்கள் வாசலில் கிடந்தது. தைக்கக் கொடுத்திருந்த என் ரவிக்கை. ஒரு கை வைத்திருந்தாள், மறு கை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதை விரித்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார். நான் முறைத்தேன். அப்புறம் அவரே மெல்ல, போய்ப் பேசு, கடிதம் எழுதாதே என்றார். கடிதம் எழுதத் தெரியாதவர் சொன்னதன் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பயந்துகொண்டேதான் போனேன். அவள் இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு ஊழியம் இருக்கும், மருந்தகம் இருக்கும், உட்காருவதற்கு ஒரு இடம் இருக்காது. கடை திறந்திருந்தது. அவள் சாக்கட்டியால் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் செய்தது துரோகம், அதற்கு வேறு பெயர் இல்லை என்று அந்த ஊர் மொழியில் சொன்னேன். அவள் கோட்டை முடித்த பிறகு தமிழில் பேசினாள். அவள் கற்றது என் அம்மாவின் தமிழ் மட்டும். அம்மா என்னிடம் பேசிய மாதிரி "நீ" என்று மட்டும்தான் அவளுக்குப் பேசத் தெரியும்.

"எத்தனை பேருக்கு எழுதின?"

"அறுநூத்தி நாப்பது வீடு."

"என் பேரு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது. கத்தரிக்கோல் அக்கான்னுதான்."

அவள் மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலைத் திருப்பிப் பார்த்தாள். பெயர் அவளுக்குப் பிடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"உன்னைப் பத்தி என்ன எழுதின?"

யோசித்துப் பார்த்தேன். "சுகமா இருக்கோம்னு."

"உங்க அம்மா செத்தப்போ?"

"சமாதானமா இருக்கோம்னு."

சாக்கட்டியைக் கீழே வைத்தாள். "ஊர்ல எல்லார் வீட்டுக் கதவையும் திறந்து போட்டுட்டு உன் கதவை மட்டும் சாத்திக்கிட்டியா? அந்த வாத்தியாரை நாளைக்குக் கூட்டிட்டு வா. பேப்பர், பேனா எடுத்துட்டு வரச் சொல்லு. நான் சொல்றேன், அவர் எழுதட்டும். நீ எழுத வேணாம். நீ மாத்திடுவ."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தலைமையாசிரியரிடம், நான் மொழிபெயர்த்ததையும் மொழிபெயர்க்காமல் விட்டதையும் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். அவர் ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தார். பிறகு, ஒருத்தருடைய ரகசியத்துக்குத்தான் சிவப்பு மையில் கோடு போட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பட்டறைக்காரர் கொடுத்த கொக்கியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார், திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மருந்தகம் முடிந்ததும் தையல் கடையில் கூடினோம். தலைமையாசிரியரை வெட்டும் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தாள் அக்கா. தோல் ஏப்ரனுக்கு வார் தைக்க வந்திருந்த பட்டறைக்காரர், வேடிக்கை பார்க்கிறேன் என்று வாசல்படியில் உட்கார்ந்தார். நானும் என் வீட்டுக்காரரும் குற்றவாளிகள் போல ஓரமாக நின்றோம். தலைமையாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுது கண்ணு" என்றாள் அக்கா.

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த மனிதர். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் எழுதத் தொடங்கினார்.

முதல் குறிப்பு அவளுடையதுதான். அந்த உபவாசத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றாள். கணவர் போனதிலிருந்து கடை நன்றாக நடக்கிறதாம், நிம்மதியாகத் தூங்குகிறாளாம். ஆனால் இரண்டு வருஷமாக அந்த ஆள் திடீர் திடீரென்று, திரும்பி வரட்டுமா என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறானாம், போன மாதம் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டானாம். ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லையாம். "இது உன் வேலைதானா?" என்று தலைமையாசிரியரைக் கேட்டாள். அவர் முகம் சிவந்து, ஆமாம்மா, இனிமேல் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிடுகிறேன் என்றார். அன்றும் வெள்ளிக்கிழமைதான். அவள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இரண்டாவது குறிப்புக்குப் போனாள்.

இரண்டாவது, போதகரின் மோட்டார் சைக்கிள். அதற்காக ஜெபிப்பது வீண், அதைப் பட்டறையில் விட்டுச் சரிசெய்ய அவருக்கு மனம் வர ஜெபியுங்கள். மூன்றாவது, போதகரின் பாட்டு. மற்றவர்களும் பாட வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான்காவது நான். நர்ஸ் அம்மாவின் வாய். ஊசி வலிக்கவில்லை, அதற்கு முன்னால் திட்டுவதுதான் வலிக்கிறது. தலைமையாசிரியர் இதை இரண்டு வாக்கியமாகப் பிரிக்கலாமா என்று கேட்டார். பிரிக்க வேண்டாம் என்றாள்.

நடுவில் பட்டறைக்காரர் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்க, நான் அக்காவின் குறிப்பை மட்டும் விட்டுவிட்டு, இந்த முறை ஒன்றையும் சுருக்காமல் அப்படியே சொன்னேன். காப்பி விஷயத்தையும் சொன்னேன். அவர் நகத்தில் இருந்த கரியைச் சுரண்டினார். "பட்டறையைப் பாத்து அழலையா அப்போ?" என்றார். இல்லை என்றேன். அவர் முகம் சற்று விழுந்தது. அப்புறம், "சரி, அவரைக் காப்பி குடிக்கச் சொல்லுங்க. முழுசா விட்டுடறேன்னு வாக்குக் குடுக்க மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் தள்ளிப் போட்டுப் பாக்கறேன்" என்றார். அது ஐந்தாவது குறிப்பாகப் போயிற்று.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் அக்கா. இப்போது அவள் தலைமையாசிரியரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மெஷின் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இவ அம்மா செத்துப் போனாங்க. இவளால போக முடியல. தினமும் நாலு மணிக்கு இங்க வந்து, கால் வலிக்குதுன்னு சொல்லிட்டு, அந்தத் திரைக்குப் பின்னாடி உக்காந்து அழுவா. தெருவுல போறவங்களுக்குக் கேக்கக் கூடாதேன்னு நான் மெஷினை மிதிப்பேன். துணி கிடையாது, நூல் கிடையாது. எட்டு மாசமா வெறும் மெஷினைத்தான் ஓட்டிட்டு இருக்கேன். நான் யார்கிட்டயும் சொல்லல. எனக்கும் அந்தக் குரல் வேணும் போல இருக்கு, நாலு மணியானா. எழுது."

தலைக்குமேல் வேலை என்று நினைத்திருந்தேனே, அந்தக் கடகடப்பு அத்தனையும் எனக்காக. அவள் ரகசியத்தை நான் அறுநூற்று நாற்பது வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருஷம் ஆயிற்று. என் ரகசியத்தை அவள் காலால் மிதித்து மிதித்து மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார்.

எழுதி முடித்ததும் அவள் தாளை வாங்கிப் பார்த்தாள், படிக்கத் தெரியாவிட்டாலும். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போ சரியாப் போச்சு. உன் கதையும் அங்க இருக்கு, என் கதையும் அங்க இருக்கு" என்றாள். "அந்த ரவிக்கையை எடுத்துட்டு வா. ஒத்தைக் கையோட எத்தனை நாள் இருப்ப?"

வந்திருந்த ஐந்து பேரும் சனிக்கிழமை பஸ் ஏறினார்கள். தலைமையாசிரியரின் ஃபைலில் கடைசித் தாளாக அந்தக் கடிதம் இருந்தது. பட்டறைக்காரர் நிதானமாக நின்று கையசைத்தார். மணி பத்துதான் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு நான் தையல் கடைக்குப் போனேன். பழக்க தோஷத்தில் கால் வலிக்கிறது என்றேன். திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மெஷின் ஓடவில்லை. தெருவில் ஆட்கள் நடக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். அவள் எழுந்து வந்து திரையை ஒரே இழுப்பில் ஒதுக்கினாள்.

"மெஷின் இனிமே ஓடாது. எண்ணெய் என்ன சும்மாவா வருது? அழறதுன்னா சத்தமா அழு கண்ணு."

அம்மா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். எட்டு மாதம் உள்ளே கிடந்தது அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பி வந்தது. நான் வெட்கம் மானம் பார்க்காமல், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி, ஓவென்று அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் ரவிக்கைக்கு மறு கையைத் தைத்துக்கொண்டிருந்தாள், கையாலேயே.

சத்தம் கேட்டுப் பட்டறைக்காரர் ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"நம்ம நர்ஸம்மாவோட அம்மா செத்துட்டாங்க" என்றாள் அக்கா.

அவர் தொப்பியைக் கழற்றினார். "ஐயோ பாவம். எப்போ?"

"எட்டு மாசமாச்சு."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இப்பத்தான் அழறாங்களா?"

அக்கா ஊசியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊரு ரொம்ப தூரம் இல்ல? சேதி வந்து சேர நாளாகும்."